கொட்டாவிக்கு எழும்பிய கை

துறைமுகத்தில் நான் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். கப்பலின் அடித்தட்டிலிருந்து மூட்டைகளை மேலே தூக்கும் இயந்திரம் அது. இரண்டு கையும் வேண்டும். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை, ராயபுரத்து வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது இடது கால் துவண்டு விழுந்தேன். ஊன்றி எழப் பார்த்தால் இடது கையும் வரவில்லை.

மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அடைப்பு வலது பக்கம், விழுந்தது இடது பக்கமா என்று என் மனைவி நம்ப மறுத்தாள். மூளையிலிருந்து இறங்கும் நரம்புகள் பிடரிக்கு அருகில் பக்கம் மாறி, அப்புறம்தான் முதுகுத்தண்டுக்குள் போகின்றன என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

கொஞ்ச நாளில் கோல் ஊன்றி நடந்தேன். கை மட்டும் மடியிலேயே கிடந்தது. ஒரு நாள் விடிகாலையில் படுத்தபடி பெரிதாகக் கொட்டாவி விட்டேன். செத்த கை தானாக மடங்கி மார்புவரை எழும்பியது. கொட்டாவி முடிந்ததும் தொப்பென்று விழுந்தது. விற்பதற்கு மீன் எடுக்கக் காசிமேட்டுக்குக் கிளம்பிய மனைவி கூடையை இறக்கிவைத்துவிட்டாள்.

"இன்னொரு தபா தூக்குய்யா," என்றாள்.

எவ்வளவு முக்கியும் ஒரு விரல்கூட அசையவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து, வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக் காட்டினாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. கை எழும்பியது. இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அன்று அவள் வியாபாரத்துக்கே போகவில்லை. அக்கம்பக்கத்தார் முறைவைத்து என் முன்னால் கொட்டாவி விட்டார்கள்.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் சொன்னோம். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கொட்டாவி நீங்க நெனச்சு விடறது இல்ல. அந்த உத்தரவு மூளையோட அடிப்பக்கத்துலேருந்து வேற வழியா வருது. நீங்களா தூக்கற வழியிலதான் கோளாறு. கொட்டாவியால கை சரியாயிடாது. ஆனா முதுகுத்தண்டும் தசையும் நல்லா இருக்கு. பழக்கினா ஓரளவு வரும்."

"வழி ஒண்ணு கீதுல்ல, பாத்துக்கலாம்," என்றாள் அவள்.

படகுக்காரர்களிடம் கேட்டு ஒரு சின்னக் கப்பி வாங்கி வந்து உத்தரத்தில் மாட்டினாள். கயிற்றின் ஒரு முனையை இடது மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை வலது கையால் இழுக்கச் சொன்னாள். காலையும் மாலையும் என்னை நானே ஏற்றி இறக்கினேன். வலித்தது. மழைக்காலம் முடிவதற்குள் கயிறு இல்லாமலே கை தோள்வரை வந்தது. விரல்கள் கடைசிவரை முழுசாக மூடவில்லை.

துறைமுகத்தில் மேஸ்திரி என்னை சிக்னல்மேனாக வைத்துக்கொண்டார். கப்பல் தட்டில் நின்று, தூக்கு, நிறுத்து, இறக்கு என்று வின்ச்காரனுக்குச் சைகை காட்டும் வேலை. வலது கை ஒன்றே போதும். நாள் முழுக்கக் கடல்காற்று. வின்ச்சைவிட அது எனக்குப் பிடித்துப்போனது. ஓய்வு பெறும்வரை அதையேதான் செய்தேன்.