விஜயதாசின் கழிவு

விஜயதாசுக்குத் தானாக எதுவும் தோன்றியதில்லை. நோட்டீஸ் வரவேண்டும்.

கேரள எல்லையில், பனச்சமூட்டில் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தேழு வயது வரை செய்த கேட்டுகள் எல்லாம் ஒரே மாதிரி: இரண்டு அன்னம், நடுவில் ஒரு தாமரை. ஆனால் பஞ்சாயத்து எதையாவது தடைசெய்துவிட்டால் போதும், மனுசனுக்குச் சோறு இறங்காது. விருந்துக்குப் பிளாஸ்டிக் தட்டு கூடாது என்று வந்த வருஷம், கமுகம்பாளையை அழுத்தித் தட்டாக்கும் இயந்திரம் ஒன்று செய்தார். சபை விருந்தில் அந்தத் தட்டு பாயசத்தைத் தாங்கவில்லை. போதகரின் வேட்டிதான் தாங்கியது. அதற்குப் பிறகு செய்த இயந்திரம் இன்றைக்கும் ஓடுகிறது. குப்பையை எரிக்கக் கூடாது என்று வந்தபோது குழாயில் உரத்தொட்டி செய்தார்.

“பஞ்சாயத்துக்கு நல்ல செக்ரட்டரி ஒருத்தரு வந்து ஒண்ணையும் தடுக்காம இருந்தா, இந்த மனுசனுக்க மூளை துருப்பிடிச்சுப் போவும்” என்பது மனைவி மினியின் அபிப்பிராயம்.

ஆகவே பக்கத்து வீட்டு ராஜபாய் அக்காவுக்கு நோட்டீஸ் வந்தபோது, அதை முதலில் ஆசையாகப் படித்தவர் விஜயதாஸ்தான். ராஜபாய் ரஸ்க் சுட்டு விற்கிறவர். அவருடைய பெரிய விறகு அடுப்புக்கு அங்கே போர்மா என்று பெயர். இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தது அந்தப் போர்மா. இப்போது மூன்று பெண்களுக்கு வேலை கொடுப்பதும் அதுதான். முப்பது நாளில் புகையைக் கட்டுப்படுத்த வேண்டும், இல்லையென்றால் அடுப்பை மூட வேண்டும் என்றது நோட்டீஸ். கேஸ் அடுப்பு வாங்கிவிடலாமே என்று மினி சொல்லிப் பார்த்தார். கேஸில் சுட்டால் அது காய்ந்த ரொட்டி, ரஸ்க் இல்லை என்று ராஜபாய் பேச்சை முடித்துவிட்டார்.

விஜயதாஸ் முதலில் புகைக்குழலைப் பன்னிரண்டு அடி உயர்த்தினார். புகை அழகாக மேலே போய், ரோட்டைத் தாண்டி, சோமனின் வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளில் இறங்கியது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. சோமன் கரிபிடித்த வெள்ளை வேட்டியோடு கடைக்கு வந்தார்.

“எலே விஜயதாசு, சட்டம் உங்க பக்கம், புகை எங்க பக்கம். கொள்ளாம்லே, நல்லாருக்கு.”

அன்றிலிருந்து மூன்று வாரம் கேட்டு வேலை எதுவும் நடக்கவில்லை. கேட்டுக்குச் சொல்லிவைத்த ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கதவில்லாத வீட்டுக்குத் திரும்பிப்போனார். கடைசியில் சாதனம் வந்தது: தண்ணீர் நிறைந்த இரண்டு டிரம், நடுவில் தேங்காய் நார், புகையை இழுக்கப் பழைய மோட்டார் ஒன்று. அடுப்பை மூட்டினார்கள். புகைக்குழலின் நுனியில் இட்லிக் கொப்பரை திறந்தது போல வெள்ளையாக ஒரு ஆவி மட்டும் வந்தது. சோமனே ரோட்டைக் கடந்து வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் ரஸ்க் வாங்கிக்கொண்டு போனார்.

புகை எங்கே போயிற்று என்பது விஜயதாசுக்கு மட்டும் தெரியும். தண்ணீருக்குள் போயிற்று. தினமும் சாயங்காலம் டிரம்மைத் திறந்தால் கறுப்பாக, நாற்றத்தோடு வரும். அதை யாரும் பார்க்காமல் தன் வாழைகளின் அடியில் ஊற்றிவந்தார். ஒரு வாரமாக அவருக்குத் தூக்கம் சரியில்லை.

முப்பதாம் நாள் புகையைச் சோதிக்கத் திருவனந்தபுரத்திலிருந்து எஞ்சினியர் ஸ்வப்னா வந்தார். புகைக்குழலைப் பார்த்தார், கையிலிருந்த கருவியை நீட்டி அளந்தார், முகத்தில் திருப்தி தெரிந்தது. ராஜபாய் அடுப்பு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் மூன்று பெண்களும் ஜெபக்கூட்டத்தில் நிற்பது போல நின்றார்கள். ஸ்வப்னா டிரம்மைத் தட்டி, மலையாளத்தில் கேட்டார்.

“ஈ சாதனத்தினு எத்ர கழிவுண்டு?”

மலையாளத்தில் கழிவு என்றால் திறன். எவ்வளவு புகையை இது தாங்கும் என்பதுதான் கேள்வி. விஜயதாசுக்கு இது தெரியாததல்ல. பனச்சமூட்டுச் சந்தையில் மீனை ஒரு பாஷையில் விலை கேட்டு இன்னொரு பாஷையில் வாங்குகிற ஆள். ஆனால் ஒரு வாரமாக அவர் நெஞ்சில் கிடந்தது தமிழ்க் கழிவு.

“ஒரு நாளைக்கு ஒண்ணர பக்கெட்டு மேடம். வாழை மூட்டுலதான் ஊத்துதேன். வாழைக்கு ஒண்ணும் ஆவல்ல.” எஞ்சினியர் எழுதுவதை நிறுத்தியதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சேர்த்தார். “ஒரு வாழை மட்டும் பட்டுப்போச்சு. அது முந்தியே சொகமில்லாத வாழையாக்கும்.”

“ஏது வாழ?” என்றார் ஸ்வப்னா.

எல்லோரும் வாழையைப் பார்க்கப் போனார்கள். போகிற வழியில் ராஜபாய் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். “மக்கா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னு உனக்க அம்ம சொல்லித்தரல்லியா?”

“கேட்டதுக்குத்தான் அக்கா சொன்னேன்.”

செத்த வாழையின் முன்னால் ஸ்வப்னா குனிந்தார். மண்ணைக் குச்சியால் கிளறினார். டிரம்மைத் திறக்கச் சொல்லி, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். புகை விஷயம் சரி, அடுப்பு எரியலாம் என்றார் கடைசியில். ஆனால் இந்தத் தண்ணீர் மண்ணில் இறங்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும், அதுவரை ஒரு சொட்டு வெளியே விடாமல் தொட்டியில் பிடித்துவைக்க வேண்டும். அதையும் நோட்டீஸாக அங்கேயே எழுதிக் கொடுத்தார்.

ராஜபாய் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். விஜயதாஸ் புது நோட்டீஸை இரண்டு கையாலும் வாங்கினார். மணல், கரி, மூன்றாவதாக ஒரு டிரம் என்று அவர் உதடு அசைவதை மினி பார்த்தார். இன்னொரு கேட்டு வேலையும் போயிற்று என்று புரிந்துகொண்டார்.

ஜீப்பில் ஏறும்போது ஸ்வப்னா திரும்பி, தெரிந்த அளவுத் தமிழையும் சேர்த்து மனசாரச் சொன்னார்.

“சேட்டா, உங்களுக்கு நல்ல கழிவுண்டு கேட்டோ.”

விஜயதாஸ் வாயைத் திறந்தார். ராஜபாய் அதில் ஒரு ரஸ்கைத் திணித்தார்.