ஊசியைப் பற்றிக் கேட்கப் போனேன்

மெல்போர்னுக்கு வந்த புதிதில், தெருமுனை மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற கட்டுமஸ்தான இளைஞன், ஸ்டீராய்டு போட்டுக்கொள்ள ஊசி வேண்டும் என்று ரொட்டி கேட்பதுபோலக் கேட்டான். கடைக்காரப் பெண்ணும் ஒரு பொட்டலத்தை நீட்டி, சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தாள். திருச்செங்கோட்டில் வளர்ந்த எனக்கு நம்பவே முடியவில்லை. அந்த வியப்புதான் பிறகு என் ஆராய்ச்சியானது. உடம்பை ஏற்றவும் போட்டியில் ஜெயிக்கவும் ஊசி போடுகிறவர்கள், பந்தயத்தில் பணம் கட்டுகிறவர்கள், இவர்களெல்லாம் ஆபத்தை எப்படி எடை போடுகிறார்கள் என்று கேட்டறிவதுதான் என் வேலை. முதல் பேட்டியிலேயே ஒருவர், "இப்போது சைக்கிளில் இருக்கிறேன்" என்றார். "நல்ல பழக்கம், எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?" என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். சில வாரம் ஊசி போட்டு, நிறுத்தி, மறுபடி தொடங்கும் சுற்றுக்கு அங்கே அதுதான் பெயராம்.

அதே கேள்விகளோடு சென்ற ஆண்டு சொந்த ஊருக்கு வந்தேன். ஏறி இறங்கிய ஜிம்களிலெல்லாம், "வெறும் புரோட்டீன்தானுங்க அக்கா" என்றார்கள். வாய் திறந்தவர் தனபால் ஒருவர்தான். பெயரை மாற்றியிருக்கிறேன். கபடி ஆடியவர், இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜிம் நடத்துகிறார். சூதாடுவீர்களா என்ற கேள்விக்கு, "சீட்டுக்கட்டக்கூடத் தொடமாட்டனுங்க" என்றார். பெயர் ஒட்டாத புட்டியிலிருந்து மருந்தெடுத்து ஊசி போட்டுக்கொள்வதை அடுத்த மூச்சில் சொன்னார்.

"இதை எப்படி என்கிட்ட மட்டும் சொல்றீங்க?"

"நீங்க பிளைட் ஏறிப் போயிருவீங்க. உள்ளூர்க்காரங்ககிட்டச் சொல்ல முடியுங்களா?"

பேட்டி முடிந்ததும், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி சுகன்யா சமையலறையில் என்னை நிறுத்திக் குரலைத் தாழ்த்தினாள்.

"நம்மூர்ப் பொண்ணுன்னுதான் கேக்கறனுங்க அக்கா. உங்க நாட்டுல கொழந்தை பொறக்கறதுக்கு நல்ல வைத்தியம் இருக்குங்களா? சேலம், ஈரோடுன்னு பாக்காத டாக்டர் இல்லீங்க. எல்லாரும் என்னையத்தான் ஒரு மாதிரியா பாக்கறாங்க."

"அவரும் டெஸ்ட் எடுத்தாரா?"

"அவருக்கென்னுங்க, ஆளப் பாத்தாலே தெரியுதே!"

கையில் வாங்கிய தண்ணீர் டம்ளரோடு நின்றேன். அந்த ஊசி விந்தணு உற்பத்தியையே முடக்கிவிடக்கூடும் என்பது எனக்குத் தெரியும். பேட்டியில் சொன்னதை யாரிடமும் சொல்வதில்லை என்று தனபாலுக்கு வாக்குக் கொடுத்திருந்ததும் தெரியும். "டெஸ்ட் ரெண்டு பேருமே எடுக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது ஆறுதல் வார்த்தையாகத்தான் கேட்டிருக்கும்.

வாசலுக்கு வழியனுப்ப வந்த தனபாலிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். முகம் வெளிறியது.

"அவகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

"இல்லை. நீங்கதான் சொல்லணும். முதல்ல ஒரு டாக்டரைப் பாருங்க. நிறுத்தினா பல பேருக்குச் சரியாகுது."

"ஆராய்ச்சின்னு வந்துட்டு எங்க ஊட்டுக்குள்ள எதுக்குங்க பூந்து பேசறீங்க?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் மெல்போர்ன் திரும்பிச் சில மாதங்கள் கழித்து அவரே போன் செய்தார். பரிசோதனையில் குறை அவரிடம்தான் என்று வந்திருந்தது. சுகன்யாவிடம் ஊசி விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் அழவில்லையாம், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கும் போகவில்லையாம். "என்னையத் தலை குனிய வெச்சு ஊரெல்லாம் கூட்டிப் போனியே" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது இருவரும் சேர்ந்துதான் மருத்துவரிடம் போகிறார்கள். குழந்தை இன்னும் இல்லை. "எழுதுங்க அக்கா, ஜிம்முக்கு வர்ற பசங்க படிக்கட்டும்" என்றவர் அவர்தான்.

மெல்போர்னில் டிராம் ஓடும் தெருவைப் பார்த்த அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பேட்டியை எழுத்தாக்கினேன். நடுவில் ஒரு பெண்குரல், "ஏனுங்க, பயமா இல்லீங்களா?" என்றது. சட்டென்று ஒலிப்பதிவை நிறுத்தினேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளூர்ப் பெண் யாராவது அங்கே வந்தாளா என்று யோசித்தேன். பின்னோக்கி ஓட்டி மறுபடி கேட்டேன். அது என் குரல்தான், எனக்கே தெரியாமல் வந்துவிட்ட ஊர்ப்பேச்சில். பேசியவர் யார் என்று குறிக்கும் இடத்திலிருந்த ஆய்வாளர் என்ற சொல்லுக்கு நேரே அந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்தேன்.