பூசாத வீடுகள்

அந்த வீட்டுக்கு முன்கதவு கிடையாது. தளம் போடப் பயன்படும் சென்ட்ரிங் பலகைகள் நான்கைச் சேர்த்து ஆணியடித்து அண்ணி செய்து வைத்த தடுப்புதான் கதவு. உள்ளறைக்கு அதுவும் இல்லை. நிலையில் கயிறு கட்டி, தன்னுடைய கத்தரிப்பூ நிறப் புடவை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். காற்றடித்தால் அது உப்பி எழும். உள்ளே பூசாத செங்கல் சுவரில் சாய்ந்து நாங்கள் ஐந்து பெண்கள் படித்துக்கொண்டிருப்போம். எழுந்தால் ஐந்து முதுகிலும் செம்மண்ணும் சிமெண்ட் தூசியுமாக இருக்கும். கல்லூரியின் முதல் வருடம் என்றதும் எனக்கு வகுப்பறை நினைவுக்கு வருவதில்லை. அந்தப் புடவைதான் வருகிறது.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இறங்கி இன்னும் உள்ளே நடக்க வேண்டிய ஊர். சாமை, மரவள்ளி, கொஞ்சம் ராகி. அண்ணன் வருடத்தில் பாதி நாள் கேரளத்து மிளகுத் தோட்டத்தில் இருப்பார். அண்ணி எனக்கு ஆறு வயது மூத்தவர். பக்கத்து ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவர். எட்டாவது வரை படித்திருந்தார். ஒன்பதாவது படிக்க மலையை விட்டு இறங்க வேண்டும், கீழே தங்க இடமில்லை என்பதால் அதோடு நின்றுவிட்டது. இதை அவர் என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார், அதுவும் வேறு ஏதோ பேச்சின் நடுவில், களையெடுத்தபடி. சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார்.

கள்ளக்குறிச்சியில் கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில் என் பெயர் கடைசிச் சுற்றில்தான் வந்தது. அதற்குள் விடுதி நிரம்பிவிட்டிருந்தது. அப்பாவும் நானும் கல்லூரியைச் சுற்றியிருந்த தெருக்களில் மூன்று நாள் வீடு தேடினோம். 'வீடு வாடகைக்கு' என்று எழுதித் தொங்கிய ஒவ்வொரு கேட்டிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இன்னா ஊரு?" ஊரைச் சொன்னதும் முகம் மாறும். "நேத்துதான் ஒருத்தங்க அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க" என்பார்கள். பலகை மட்டும் அடுத்த நாளும் அங்கேயே தொங்கும். சிலர் நேராகவே சொன்னார்கள்: "மலை ஜனங்களுக்கு வுடறதில்லப்பா." அப்பா தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மலைன்னு ஏம்மா சொல்ற? கீழ தியாகதுருகம் பக்கம்னு சொல்லு. யாரு போய்ப் பாக்கப் போறாங்க?"

மறுநாள் அப்பாவை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் ஒரு வீட்டுக்குள் போய் அப்படியே சொன்னேன். அறை கிடைத்தது. மணலூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணும் நானும் அந்த வீட்டின் பின்கட்டில் இருந்தோம். ஒரு மாதம் நிம்மதியாகப் போனது என்று சொல்ல முடியாது. வீட்டுக்கார அம்மா தியாகதுருகத்தில் தன் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வியர்க்கும். கோட்டைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒருமுறை கேட்டார். ஏதோ ஒரு பக்கத்தைச் சொல்லிவிட்டு, அந்த வார விடுமுறையில் பஸ் ஏறித் தியாகதுருகம் போய் மலைக்கோட்டையைச் சுற்றிப் பார்த்து வந்தேன், அடுத்த கேள்விக்குத் தயாராக.

ஆனால் அடுத்த கேள்வி என்னிடம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அண்ணி என்னைப் பார்க்க வந்தார். தோளில் சாமை மூட்டை, கையில் ஒரு பலாப்பழம். நான் கடைக்குப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மா அவரிடம் ஊரைக் கேட்டிருக்கிறார். அண்ணிக்கு நான் சொன்ன பொய் தெரியாது. "கல்வராயன் மலைங்க" என்று சொல்லி, ஊர்ப் பெயரையும் போகும் வழியையும்கூட விளக்கியிருக்கிறார். நான் திரும்பி வரும்போது என் பெட்டி கேட்டுக்கு வெளியே இருந்தது.

"பொய் சொல்லி வூட்டுக்குள்ள வர்றவ நாளைக்கு இன்னா செய்ய மாட்டா?" என்றார் வீட்டுக்கார அம்மா. அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பது போலவும் இல்லாதது போலவும் இருந்தது. அண்ணி பலாப்பழத்தை மட்டும் எடுத்து அந்த மணலூர்பேட்டைப் பெண்ணிடம் கொடுத்தார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸில் கச்சிராயபாளையம் தாண்டும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். மலை ஏறத் தொடங்கியதும் அண்ணி சொன்னார்: "ஊரை மறைச்சாதான் குடுப்பாங்கன்னா அந்த வூடு நமக்கு வாணாம் பாப்பா. ஆனா படிப்பை வுடக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல வழி இருக்கும். பாக்கலாம்." இனிப் போதும், வீட்டோடு இரு என்று அப்பா சொன்னபோதும் அண்ணி இதையேதான் சொன்னார். மாமனாரை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு தினமும் மலையிலிருந்தே போய்வந்தேன். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் முதல் இரண்டு வகுப்பு போய்விடும். சாயங்காலம் கடைசி வகுப்பு முடிவதற்குள் ஓடி வர வேண்டும். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது என்று ஆசிரியர் எச்சரித்தார். இரண்டாம் வாரம், அண்ணி தன் மூன்று வயது மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் காலையில் கொத்தனார்களும் சித்தாள்களும் கூடி நிற்கும் இடத்தில் போய் நின்றார். அன்றே ஒரு கொத்தனாரிடம் கல், கலவை சுமக்கும் வேலை கிடைத்தது. எனக்கு அவர் திட்டம் புரியவில்லை. கூலிக்காகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம், முடியெல்லாம் சிமெண்டாக, பஸ் நிலையத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

"வூடு பாத்துட்டேன்" என்றார்.

அது கல்லூரிக்குப் பின்பக்கம் ஒரு புது மனையில் பாதியில் நின்றிருந்த வீடு. தளம் போட்டாயிற்று, சுவர் எழுப்பியாயிற்று, பூச்சு இல்லை. வீட்டுக்காரர் அரிசி மண்டியில் கணக்குப் பார்ப்பவர். கம்பியும் மரமும் இரண்டுமுறை திருட்டுப் போய்விட்டதென்றும், சுவருக்கு நேரத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்றும் கொத்தனாரிடம் புலம்பியிருக்கிறார். கலவைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணி குறுக்கே புகுந்து பேசியிருக்கிறார்: "நான் குடும்பத்தோட வந்து இருந்துக்கறேங்க. காவலும் ஆச்சு, தண்ணியும் ஆச்சு. எங்க வூட்டுப் பொண்ணு ஒண்ணு காலேஜுல படிக்குது, அதோட இன்னும் நாலு புள்ளைங்க. எல்லாம் மலைப் புள்ளைங்க. இப்பவே சொல்லிட்டேன், அப்பறம் சொல்லலன்னு இருக்கக் கூடாது." வாடகை பேசும்போது அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். "கக்கூஸுக்கு மட்டும் கதவு போட்டுக் குடுங்க. மத்ததுக்கெல்லாம் நான் பாத்துக்கறேன்." கொத்தனார் சிரித்துவிட்டாராம். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கும் மகள்கள் இருந்தார்கள். மறுநாளே கதவு வந்தது.

அந்த "இன்னும் நாலு புள்ளைங்க" என்பவர்களை அண்ணி அதற்குள்ளேயே கண்டுபிடித்து வைத்திருந்தார். என்னைப் போலவே மலையிலிருந்து தினமும் வந்துபோய்க் களைத்துக்கொண்டிருந்த பெண்கள். பஸ்ஸில் நான் தூங்கிக்கொண்டு வரும்போது அவர் அவர்களோடு பேசியிருக்கிறார். அடுத்த வாரம் அண்ணி மகளையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கினார். சாமை அறுப்புக்கு மட்டும் மேலே போய்வருவார். கேரளத்திலிருந்து அண்ணன் போனில் கோபப்பட்டார். "அவ படிப்புக்கு நீ ஏன் அலையணும்?" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. அண்ணி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டு, "நீ பொங்கலுக்கு வா, அப்ப பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

காலையும் மாலையும் நாங்கள் சுவருக்குத் தண்ணீர் அடிப்போம். ஆளுக்கு ஒரு சுவர். டியூப் எட்டாத இடத்துக்குக் குடம். பூச்சு வேலை தொடங்கியபோது ஒவ்வோர் அறையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தோம். மழைக்காலத்தில் ஜன்னல் துளைகளில் சிமெண்ட் சாக்கைக் கட்டினோம். அக்கம்பக்கத்தில் முதலில் எங்களோடு யாரும் பேசவில்லை. அண்ணி அதைக் கண்டுகொண்டதாகவே காட்டவில்லை. வேலைக்குப் போவார், வருவார், உலையேற்றுவார், எங்களைப் படிக்கச் சொல்லிவிட்டுத் தன் மகளுக்குக் கரித்துண்டால் சுவரில் எழுத்து சொல்லிக்கொடுப்பார். பூசப்போகிற சுவர்தானே என்று.

வீடு முடிந்தது. அதுதான் எங்களுக்கு ஆபத்து. இரண்டாம் பருவத் தேர்வு தொடங்குகிற அதே வாரத்தில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். வீட்டுக்காரரின் மனைவி கணவரோடு வந்து, விசேஷத்துக்கு முதல் நாளே காலி செய்துவிட வேண்டும் என்றார். நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருத்தி அப்போதே புத்தகங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணி அவரிடம் குரல் உயர்த்தாமல் பேசினார். "உங்க நல்ல நாளைக் கெடுக்க மாட்டோங்க. பால் காய்ச்சுங்க, ஜாம் ஜாம்னு செய்யுங்க. நாங்க மாடிப்படிக்கு மேல இருக்கற சின்ன ரூமுக்குப் போய்க்கறோம். பதினஞ்சு நாளு. பரீட்ச முடிஞ்ச அன்னைக்கே எறங்கிடுவோம். எட்டு மாசம் இந்தச் செவுத்துக்குத் தண்ணி ஊத்துன கைங்க இதுங்க. பதினஞ்சு நாளு ஒக்காந்து படிக்க எடமில்லன்னு சொல்லுவீங்களா?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். அவர் சுவரைத் தடவிப் பார்த்தபடி நின்றார். எங்கும் ஒரு விரிசல்கூட இல்லை. "இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

விசேஷத்தன்று கீழே மேளமும் சாம்பார் வாசனையுமாக இருந்தது. விருந்தாளிகள் போகும்வரை மாடியை விட்டு இறங்க வேண்டாம் என்று காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தார்கள். நாங்கள் படித்துக்கொண்டிருந்தோம், அல்லது படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தோம். பந்தி போட ஆரம்பித்ததும் அண்ணி குளித்துத் தலை வாரி, கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். "எந்திரிங்க. சாப்புடப் போவலாம்."

"கூப்புடலையே அண்ணி" என்றேன்.

"கொத்தனாரக் கூப்புட்டாங்கல்ல? ஆசாரியக் கூப்புட்டாங்கல்ல? வூட்டுல வேல செஞ்சவங்கதான நாமளும்? வாங்க."

ஏழு பேரும் வரிசையாகப் படியிறங்கினோம். பந்தலில் பேச்சு கொஞ்சம் தணிந்தது. கொத்தனார் பந்தியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து, தன் பக்கத்து நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அண்ணி உட்கார்ந்தார், நாங்களும் உட்கார்ந்தோம். வெறும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் என் முன்னால் ஓர் இலை வந்து விழுந்தது. நிமிர்ந்தேன். வீட்டுக்காரரின் மனைவிதான் இலைக்கட்டோடு நின்றார். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் ஏழு இலையும் போட்டார், சோறும் போட்டார். அண்ணியிடம் வந்தபோது, "பாயாசம் கொழந்தைக்கு இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டார். "போடுங்க" என்றார் அண்ணி.

தேர்வு முடிந்த அன்று சொன்னபடியே இறங்கினோம். அதற்குள் அண்ணி அடுத்த வீட்டைப் பார்த்து வைத்திருந்தார். அதுவும் பாதியில் நின்ற வீடுதான். மூன்று வருடப் படிப்பில் நான்கு வீடுகள். எங்கே தளம் போட்டிருக்கிறது, எது எந்த மாதம் முடியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஐந்து பேரில் நான்கு பேர் பட்டம் வாங்கினோம். ஒருத்தியை இரண்டாம் வருடம் கல்யாணம் என்று கூட்டிப் போய்விட்டார்கள். அண்ணி அவள் ஊருக்கு இரண்டுமுறை போய்ப் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. இன்றும் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் அண்ணி எழுந்துபோய் வேறு வேலை பார்ப்பார்.

நான் இப்போது சங்கராபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணன் தோட்டத்து வேலையை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சியிலேயே கம்பி கட்டும் வேலைக்குப் போகிறார். அண்ணி இப்போது சித்தாள் இல்லை, பூச்சு வேலை செய்யும் கொத்தனார். கல்லூரிக்குப் பக்கத்தில் கதவும் ஜன்னலும் உள்ள ஒரு முழு வீட்டைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்திருக்கிறார். மலையிலிருந்து வந்த ஒன்பது பெண்கள் அங்கே இருக்கிறார்கள். சேர்க்கை நாட்களில் அவர் வேலைக்குப் போவதில்லை. கல்லூரி வாசலில் போய் நின்றுவிடுவார். முடிந்தபோது நானும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூட நிற்பேன்.

இந்த வருடம் ஒரு தகப்பனும் மகளும் வாசலுக்கு எதிரில் இருந்த சிறுபாலத்தின் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் ஒரு தகரப்பெட்டி. சேர்க்கைக் கட்டணம் கட்டியாயிற்றாம். விடுதியில் இடமில்லை, தெருத்தெருவாகக் கேட்டும் வீடு அமையவில்லை, அதனால் சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போகப் போவதாக அந்த மனிதர் சொன்னார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஒனக்குப் படிக்கணுமா?"

அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். "படிக்கணும்" என்றாள்.

"அப்ப எந்திரி" என்று சொல்லிவிட்டு, பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தார் அண்ணி. மறுபக்கக் கைப்பிடியை அந்தப் பெண் பிடித்தாள்.