சித்தப்பாவின் இரண்டாவது ஓய்வூதியம்

இன்று காலை சித்தப்பாவோடு கொம்யூன் என்னும் நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். ஜெர்மனியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இப்போது டென்மார்க்கில் எங்களோடு இருக்கிறார். மருத்துவ அட்டை கிடைத்தால்தான் இங்கே இன்சுலின் எடுக்கலாம். கையில் இருப்பது இந்தக் கிழமைக்குத்தான் காணும்.

அவருடைய மருத்துவச் செலவை ஜெர்மனி ஏற்கும் என்ற சான்றிதழைக் கொடுத்தோம். அங்கிருந்த பெண்மணி தலையாட்டிவிட்டு, "வேறு நாட்டு ஓய்வூதியம் உண்டா?" என்று டெனிஷில் கேட்டார்.

மொழிபெயர்த்தேன்.

"ஓம், சிலோன் பென்ஷன் இருக்கெல்லோ," என்றார் சித்தப்பா. ஜெர்மனிக்குப் போகுமுன் வன்னியில் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளாக்காக இருந்தவர்.

"அதை ஏன் இப்ப சொல்லுறியள், சித்தப்பா?"

"ஏன்? களவெடுத்த காசே?"

சொன்னேன். பெண்மணி எழுதுவதை நிறுத்தினார்.

"அப்படியானால் இவருடைய மருத்துவத்துக்கு அந்த நாடும் பொறுப்பா?"

போர் முடிந்துவிட்டது என்று கொழும்பில் அவர்கள் அறிவித்த கிழமை இது. வன்னியிலிருந்த சித்தப்பாவின் தங்கச்சி எங்கே என்று இன்னும் தெரியாது. அந்தக் கேள்வியைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் வேலை செய்த ஆஸ்பத்திரியே இப்ப இல்லை எண்டு சொல்லு, பிள்ளை."

நான் பெண்மணியிடம் "இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

"நல்லது. பொறுப்பில்லை என்று அந்த நாட்டிடமே எழுதி வாங்கி வாருங்கள். பிறகு அட்டை தரலாம்."

நாளை கொழும்புக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். கோபப்படாமல் கதைக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இப்போதைக்கு அப்படி ஒருவரும் இல்லை.