வெங்காய மூட்டைக்கு எழுபத்திரண்டு

மருதனார்மடச் சந்தியைத் தாண்டி நடந்துகொண்டிருக்கிறேன். இதயக் கிளினிக்கில் நெஞ்சில் பூசிய பசையைச் சரியாகத் துடைக்காமல் வந்துவிட்டேன், சட்டை ஒட்டுகிறது. சின்ன வெங்காய மூட்டைகளோடு ஒரு லொறி கடந்து போனது. அந்த மணம் என்னைச் சுன்னாகத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பேக்கரி, மீன்வாடி, லொறிக் கிளீனர் என்று சுற்றிவிட்டு, சுன்னாகம் சந்தையில் நான் மூட்டை தூக்கிய காலம். பொறியியல் படிப்பிக்கும் கௌரி மிஸ் தன் மாணவர்கள் நாலு பேரோடு அங்கே வந்தார். போனை நெஞ்சில் கட்டினால், இதயம் துடிக்கும்போது நெஞ்சு அசைவதை அது கோடாக எழுதுமாம். மூட்டை தூக்குகிறவனின் நெஞ்சில் ஆயிரம் குலுக்கல். அதையெல்லாம் வடிகட்டித் துடிப்பை மட்டும் எடுப்பதுதான் பிள்ளைகளுக்குப் பாடம்.

"சும்மா இருக்கிற ஆளின்ரை நெஞ்சிலை என்ன பாடம் கிடக்கு?" என்றார் மிஸ். எனக்கு அந்தக் கதை பிடித்துப்போனது. உடுத்துக் கிழிந்த பழைய சாரத் துண்டால் போனைக் கட்டிக்கொண்டேன்.

அந்த நாட்களில் எனக்குத் தலைசுற்று இருந்தது. சந்தையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூட்டை கிடைக்காது. சுகந்தன் என்ற மாணவனிடம் மட்டும் மெல்லக் கேட்டேன். அவன் மடிக்கணினியைப் பார்த்து, "எழுபத்திரண்டு அண்ணை. மணிக்கூடு மாதிரி ஓடுது" என்றான். கோடும் கடல் அலைபோல வடிவாக இருந்தது. படித்த பிள்ளை சொன்னால் சரிதானே. அன்றைக்கு இரண்டு மூட்டை கூடவே தூக்கினேன்.

மூன்றாம் நாள் வேர்வையில் துண்டு அரித்தது. அவிழ்த்து, லொறியில் கிடந்த ஒரு மூட்டையின் கழுத்தில் போனோடு கட்டிவிட்டுப் பிளேன்ரீ குடிக்கப் போனேன். அது எங்கள் வழக்கம். சட்டை, வெற்றிலைப் பை, எது இடைஞ்சலோ அது மூட்டையின் கழுத்தில் தொங்கும். லொறியின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பி வந்து சுகந்தனுக்குப் பின்னால் நின்றபோது, அவன் திரையைப் பார்த்தபடியே கத்தினான்: "எழுபத்திரண்டு அண்ணை! சோக்கா இருக்கு!"

"ஆரைத் தம்பி பாக்கிறாய்? நான் இஞ்சை நிக்கிறன்."

என்னோடு மூட்டை தூக்கும் மணியண்ணை லொறியின் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "டேய், வெங்காயத்துக்கும் சுகமாம்! உனக்கு முந்தி அதுக்குக் கலியாணம் பேசலாம்."

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை.

"என்ன செய்தனீர் சுகந்தன்?"

"கோடு வடிவா வரவேணுமெண்டு எழுபத்திரண்டை ஒட்டின அசைவை மட்டும் விடுற மாதிரி வடிகட்டியை நல்லாச் சுருக்கிப்போட்டன் மிஸ்."

"அப்ப எதிலை கட்டினாலும் உது எழுபத்திரண்டுதான் சொல்லும். இவர் உதை நம்பியெல்லோ மூட்டை தூக்கினவர்!"

அவன் முகம் செத்துப்போனது. வடிகட்டியைத் தளர்த்தி, என்னை இருத்தி, மறுபடி கட்டினார்கள். கோடு கோணல்மாணலாக வந்தது. மூன்று துடிப்பு, ஓர் இடைவெளி. இரண்டு துடிப்பு, இன்னோர் இடைவெளி.

"நான் டொக்டர் இல்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்றார் மிஸ். சுகந்தன்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனான். வழி நெடுக "குறை நினையாதேங்கோ அண்ணை" என்றான். ஆஸ்பத்திரியில் மருந்து தந்தார்கள். இனி மூட்டை தூக்கக் கூடாது என்றார்கள்.

அதோடு சந்தை போயிற்று. மணியண்ணை இப்போது உயிரோடு இல்லை. மிஸ் வெளிநாட்டில். இப்போதெல்லாம் பதிந்துவைத்த துடிப்புகள் கணினியிலேயே கிடைக்கின்றனவாம். வேர்க்கிற ஆள் எந்த வகுப்புக்கும் தேவையில்லை. அப்படியோர் உத்தியோகம் எனக்கு இருந்ததென்றால் நீங்களும் நம்பமாட்டீர்கள்.

அன்று எங்களுக்குப் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்த மிஸ், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். "தெரியாது" என்றேன். அது எனக்குப் பழகின பதில்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, மிஸ் பேசித் தந்த நாட்கூலிக்கு, சட்டையைக் கழற்றிவிட்டு, பொறியியல் வகுப்பின் முன்னால் இருந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து என் நெஞ்சில் போனைக் கட்டினார்கள். அவர்கள் எடுத்துத் தரும் கோட்டில் என் தவறின துடிப்பு இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடிச் சொல்வதுதான் என் வேலை. அது இல்லாத கோட்டுக்கு மிஸ் பரீட்சைப் புள்ளி ஒன்றும் போடவில்லை.