பிரகதீஸ்வரியின் சம்மதம்

திருத்துறைப்பூண்டி ஜவுளிக்கடை சேக் தாவூதின் மகள் பர்வின், தஞ்சாவூரில் விடுதியில் தங்கி முனைவர் பட்டத்துக்குப் படித்தாள். கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்களுக்கு ரத்தசோகை எவ்வளவு என்பது அவள் ஆராய்ச்சி. விடுதியில் பேச்சுத்துணை கிடையாது. போகிற ஊர்களிலோ, ஊசியும் கையுமாக வருகிறவளோடு யார் உட்கார்ந்து பேசுவார்கள்?

பேசியவள் ஒருத்திதான், ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பிரகதீஸ்வரி. கணவன் சதீஷ் கத்தாரில். நடவும் களையெடுப்பும் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையும் அவள் தலையில். மாதாமாதம் பர்வின் ரத்தம் எடுக்கப் போனால் லேசில் விடமாட்டாள். "வா பர்வின், சாப்ட்டியா?" என்பாள். அதைக் கேட்கத்தான் பர்வின் மாதம் முழுவதும் காத்திருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். அதை முடிக்காமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. வெறும் சடங்கு என்று கொட்டாவியோடு போய் உட்கார்ந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரத்தம் கொடுப்பவரிடமே எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதம் கேட்க வேண்டுமாம். இவள் எங்கே கேட்டாள்? பிரகதீஸ்வரியின் மாமியார் அமிர்தம், "அதுக்கென்ன, எடுத்துக்க" என்றாள். வீடியோ காலில் சதீஷ் தலையாட்டினான். நம்மூர் வீடுகளில் அதற்குமேல் யாரைக் கேட்பார்கள்? பிரகதீஸ்வரி பேசாமல் கையை நீட்டினாள், அவ்வளவுதான்.

மறுபடி போய், அவளைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள்.

"இது ஆராய்ச்சிக்காகங்க்கா. மொத்தம் ஆறு மாசம் வருவேன், அதோட முடிஞ்சிடும். சாப்பாடு, தூக்கம் பத்தி நீங்க சொல்றத எழுதிக்குவேன். பேரு வராது. இஷ்டமில்லன்னா வேணாம்னு சொல்லலாம்."

பிரகதீஸ்வரியின் முகம் வாடிவிட்டது. "ராத்திரியெல்லாம் தூக்கம் வரலன்னு சொன்னேனே, அதயும் எழுதிட்டியா?"

"ஆமாங்க்கா."

"அத அவருகிட்டகூட சொன்னதில்ல. நீ என்னப் பாக்க வர்றன்னுல்ல நெனச்சேன்."

உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லப் பர்வினுக்கு நாக்கு துடித்தது. சொன்னால், பாசத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கினதாகிவிடும். கூடவே கூடாது என்று பயிற்சியில் சொன்னது அதைத்தான். பாழாய்ப்போன பயிற்சி, சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மென்று விழுங்கினாள்.

"வேணாம்னா விட்டுடலாங்க்கா."

பிரகதீஸ்வரி வளையலை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

"சம்மதந்தான். எடுத்துக்கங்க மேடம்."