மிஸ்டர் என்றால்தான் தெப்பம்

பிரிஸ்டோ மனிகோ தன் வாழ்நாளில் ஒரே ஒரு சட்டம் போட்டார். எதிர்க்கரையில் நின்று தெப்பத்தைக் கூப்பிடுகிற வெள்ளைக்காரர் யாராக இருந்தாலும் "மிஸ்டர் மனிகோ" என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் தெப்பம் வராது. தெற்குக் கரோலினாவின் சட்டசபையில் எங்கள் கறுப்பு ஆட்களும் போய் உட்கார்ந்து எத்தனையோ சட்டம் போட்டார்கள். ஒன்றுகூட இவ்வளவு கறாராக நடைமுறைக்கு வரவில்லை.

"டேய் பிரிஸ்டோ!" என்று சத்தம் வந்தால் அவருக்குக் காது அடைத்துக்கொள்ளும். தூண்டிலை எடுத்து, நிதானமாகப் புழுவை மாட்ட ஆரம்பித்துவிடுவார். "ஏய் மனிகோ!" என்றால் ஒரு கண்ணை மட்டும் திறப்பார். வந்த ஆள் வெயிலில் வெந்து, கொசுக்கடி பட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு "மிஸ்டர் மனிகோ" என்று சொன்னதும் மனுஷர் துள்ளி எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொள்வார். "அடடே, நீங்களா! ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?" என்று கழியைக் கையில் எடுப்பார்.

இந்தக் கிறுக்குக்கு ஒரு நியாயம் உண்டு. அந்தத் துறை கர்னல் ஹாஸ்கெட் குடும்பத்துடையது. அடிமைக் காலத்தில் பிரிஸ்டோ தன் இளமை முழுக்க அங்கே கழி ஊன்றினார், கூலி கர்னலின் பைக்குப் போனது. போர் முடிந்து, விடுதலை வந்து, ஓட்டும் வந்த பிறகு, துறையை நடத்தும் உரிமை பிரிஸ்டோ பெயருக்கே கிடைத்தது. அதே ஆறு, அதே கழி. ஆனால் கர்னல் பட்டணத்திலிருந்து வீடு திரும்ப வேண்டுமென்றால் இப்போது அவரும் "மிஸ்டர்" சொல்ல வேண்டும். முதல் தடவை அந்த வார்த்தை அவர் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியதை பிரிஸ்டோ பார்த்து ரசித்தார். வீட்டுக்கு வந்து நடித்தும் காட்டினார்.

இதில் அகப்பட்டுக்கொண்டு தவித்தது அவர் மனைவி பைனாதான். பட்டணத்துச் சந்தைக்குக் கிளம்பி, முட்டைக்கூடையோடு தெப்பத்தில் நிற்பாள். புருஷனோ அக்கரையில் எவனோ வழிக்கு வரட்டும் என்று கழியை ஊன்றாமல் உட்கார்ந்திருப்பார்.

"யோவ், நீ அந்த ஆளுக்கு மரியாதை கத்துக் குடுக்கறதுக்குள்ள என் முட்டையெல்லாம் குஞ்சு பொரிச்சிடும்யா!"

"பொறு பைனா. 'மிஸ்' வரைக்கும் வந்துட்டான்."

அப்புறம் தேர்தல் வந்தது. சாலை, பாலம், வரி எல்லாம் பார்க்கிற கவுண்டிக் குழுவுக்கு பைனாவின் தம்பி ஏப்ரம் நின்றான். கொல்லுப்பட்டறைக்காரன், நல்ல பேச்சுக்காரன். தேர்தல் நாளன்று பிரிஸ்டோ தன் பக்கத்து மேற்குக் கரை ஆண்பிள்ளைகள் எல்லாரையும் கூலி வாங்காமல் அக்கரைக்குக் கொண்டுபோய் ஓட்டுப் போடவைத்தார். ஏப்ரம் ஜெயித்தான். தானே ஜெயித்த மாதிரி பிரிஸ்டோ ஊரெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார்.

அந்தப் பெருமைக்கு ஆயுசு குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏப்ரம் விருந்துக்கு வந்தான். சோறும் பொரித்த மீனும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மெல்லச் சொன்னான்.

"மாமா, உங்க துறைக்கு நேரா பாலம் கட்டப்போறோம்."

"எதுக்கு?"

"ஜனங்க ஆத்தைக் கடக்க."

"அப்ப நான் எதுக்கு?"

ஏப்ரம் தட்டில் கிடந்த முள்ளை ஆராய்ந்தான்.

"அடப்பாவி மச்சான்! உனக்கு ஓட்டுப் போட ஒவ்வொருத்தனையும் இந்தக் கையாலதானேடா தள்ளிட்டுப் போனேன்! இப்ப என் சோத்துலயே மண்ணைப் போடறியே!"

"கோவிச்சுக்காதீங்க மாமா. ஒரு வண்டிப் பருத்தியை உங்க தெப்பத்துல ஏத்தினா லாபமெல்லாம் உங்க கூலிக்கே போயிடுது. அதனாலதான் இந்தக் கரையில இருக்கறவன் எல்லாம் கர்னலோட பருத்தி மில்லுல, கர்னல் சொன்ன விலைக்குப் போட்டுட்டு வரான். உங்க தெப்பமும் அவர் மில்லும் கூட்டு வியாபாரம் மாதிரிதான் நடக்குது."

"செலவு யாருது?"

"நிலவரி. அவங்கவங்க நிலத்துக்குத் தக்கபடி. தரிசாப் போட்டிருந்தாலும் கட்டணும். கர்னல்தான் பெரும் பங்கு."

கர்னல் பெரும் பங்கு கட்டுவார் என்பது வேறொரு நாளாக இருந்தால் பிரிஸ்டோவுக்குத் தேனாக இனித்திருக்கும். அன்றைக்கு மீன்கூட இறங்கவில்லை.

மறுநாள் காலையில் கர்னலே குடிசை வாசலுக்கு வந்துவிட்டார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.

"மிஸ்டர் மனிகோ, சௌக்கியமா? மிஸஸ் மனிகோ எப்படி இருக்காங்க?"

பைனா திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.

பாலம் வேண்டாம் என்று பட்டணத்துக் கூட்டத்தில் பிரிஸ்டோ எழுந்து பேச வேண்டுமாம். "நாங்க சொன்னா எடுபடாது. மிஸ்டர் மனிகோ சொன்னா கேப்பாங்க." ஒரே மூச்சில் இத்தனை மிஸ்டர். பிரிஸ்டோ வெல்லம் மாதிரிக் கரைந்துபோய்த் தலையாட்டிவிட்டார்.

"கர்னலும் நீயும் ஒரே பக்கம்னா அந்தப் பக்கத்துல எங்கயோ ஓட்டை இருக்குய்யா," என்றாள் பைனா.

"எனக்கு வேற பொழப்பு தெரியாது பைனா. சோறு எப்படியாச்சும் கிடைக்கும். ஆனா இந்தக் கழியைக் கீழ போட்டா நான் மறுபடியும் 'டேய் பிரிஸ்டோ'தான்."

பைனா அவருடைய நல்ல சட்டையை எடுத்து, கூட்டத்துக்குப் போட்டுப்போகத் துவைத்துக் காயப்போட்டாள்.

கூட்டத்தில் ஒரு பக்கம் நிலக்காரர்கள், ஒரு பக்கம் எங்கள் சனம். பிரிஸ்டோ எழுந்து நின்றதும் ஏப்ரம் தலையைக் குனிந்துகொண்டான். பிரிஸ்டோ தெப்பத்தின் அருமை பெருமையையெல்லாம் எடுத்துவிட்டார். புயலில் கவிழ்ந்ததில்லை, ஒரு கோவேறு கழுதையைக்கூட ஆற்றுக்குக் கொடுத்ததில்லை. கர்னலுக்கு வாயெல்லாம் பல். உட்கார்ந்தபடியே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "வாஸ்தவம். எங்கப்பா காலத்துலேர்ந்து அந்தத் தெப்பத்துல எங்களுக்கு நல்ல வரும்படி இருந்துச்சு."

"மனிகோவுக்கு என்ன வந்துச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏன், சோறு போட்டோமே, துணி குடுத்தோமே!"

"செருப்பு?" என்று கேட்டார் பிரிஸ்டோ. கேட்டது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"என்ன?"

"எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு குடுத்தீங்க. நான் மட்டும் கேட்டா, 'நீ தண்ணியிலதானே நிக்கறே, உனக்கெதுக்கு'ன்னீங்க. உறைபனியிலயும் வெறுங்காலோடதான் தள்ளினேன்."

கூடம் குலுங்கிச் சிரித்தது. பிரிஸ்டோ சிரிக்கவில்லை. தலைவர் மேசையைப் பார்த்துத் திரும்பினார்.

"ஐயா, நான் சொல்ல வந்தது மறந்துபோச்சு. பாலத்தைக் கட்டுங்க. அந்த வரும்படியிலேர்ந்து கொஞ்சம் வரியாத் திரும்பி வரட்டும். ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல போற அகலத்துக்குக் கட்டுங்க!"

திரும்பி வரும்போது ஏப்ரம் அவர் தோளைக் கட்டிக்கொண்டான். "கையை எடுடா. நாளைக்கு நான் எதைத் தின்பேன்?" என்றார் பிரிஸ்டோ.

"முட்டை," என்றாள் பைனா.

பாலம் எழும்பியது. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு குறை சொல்லித் தச்சர்களின் உயிரை வாங்கினார் பிரிஸ்டோ. தெப்பத்தைக் கரையேற்றிப் பிரித்து, பைனா கோழிக்கூடு கட்டிக்கொண்டாள். திறப்பு நாளன்று கர்னலின் வண்டி பாலத்தில் ஏறியது. வழியில் நின்ற பிரிஸ்டோவைப் பார்த்து கர்னல் சொன்னார்: "டேய் பிரிஸ்டோ, தள்ளி நில்லுடா."

தள்ளி நின்றார். வேறு என்ன செய்ய, கையில் கழி இல்லையே. முகம் செத்துப்போயிற்று. பைனா பார்த்தாள். அன்றைக்கு அவரை ஒரு வார்த்தைகூடக் கிண்டல் செய்யவில்லை.

பருத்தி வெடித்தது. குத்தகைக்காரர்களின் வண்டிகள் கர்னல் மில்லின் வாசலைத் தாண்டி, நேராகப் பாலமேறிப் பட்டணத்து மில்லுக்குப் போயின. அங்கே விலை கூட. கர்னல் மில்லில் குருவிகள் கூடு கட்டின. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கர்னலே பாலத்து முனைக்கு வந்து வெயிலில் நின்றார். பிரிஸ்டோ பாலத்துக் கைப்பிடியில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏய் டைட்டஸ்! வண்டியைத் திருப்புடா!"

வண்டி நிற்கவில்லை.

"ஏய், உன்னைத்தான்!"

அடுத்த வண்டியும் போயிற்று. பிரிஸ்டோ நிதானமாகப் புழுவை மாட்டினார்.

"அவங்களுக்கெல்லாம் காது கொஞ்சம் மந்தம், கர்னல். எனக்கிருந்த அதே வியாதிதான்."

கர்னல் அவரை முறைத்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"மிஸ்டர் ஃபிரேசியர்," என்றார் அடுத்த வண்டிக்காரரிடம். "பட்டணத்து விலையே நானும் தரேன். கொஞ்சம் நில்லுங்க."

வண்டி நின்றது.

காலிக் கூடையோடு சந்தையிலிருந்து பாலத்தில் நடந்து வந்தாள் பைனா.

"அந்த ஆள் யாரைய்யா 'மிஸ்டர் மிஸ்டர்'ங்கறாரு?"

"எல்லாரையும்தான்," என்றார் பிரிஸ்டோ, பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்துகொண்டே. "வண்டி வரிசை எங்க வரைக்கும் நிக்குது பாரு. கூடையை வெச்சுட்டு உக்காரு, கேக்கலாம்."